ஆபரேஷன் வலியும் கத்தரித்த மாத்திரை அட்டையும்

இந்த வாரக் கடிதங்களில் பாதி, கோவைக்கு இறங்கி ரோபோ முறையில் புராஸ்டேட் சுரப்பியை எடுத்துவிட்டு மலையேறியவர்கள் எழுதியவை.

வயிற்றில்தான் ஆபரேஷன். தோள்பட்டை வலிக்கிறதே, ஏன்? (கோத்தகிரி)

வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைத்துத்தான் ரோபோ கைகளை உள்ளே விடுவார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரியும். எழுந்து நடமாடுங்கள், இரண்டு மூன்று நாளில் போய்விடும். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் அதை வாயு என்று தள்ளிவிடாதீர்கள்.

சிறுநீர் டியூபோடு மலைப்பாதையில் காரில் வரலாமா? (மஞ்சூர்)

வரலாம். மேட்டுப்பாளையத்திலேயே டியூபில் மாட்டிய பையைக் காலி செய்யுங்கள். பை இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், டியூப் தொடைக்கடியில் நசுங்கக் கூடாது. சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தலையணை. கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருகிறவர்கள் டாக்டரிடம் முன்பே மாத்திரை கேட்டு வாங்குங்கள். தையலோடு குமட்டினால் வலியில் உயிர் போகும்.

மருந்துக்கடையில் தந்த மஞ்சள் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா? (குன்னூர்)

மஞ்சளோ பச்சையோ, நிறத்தை வைத்து நான் என்ன சொல்வது? வயது எழுதவில்லை, பிபி உண்டா என்று எழுதவில்லை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினும் இல்லை. அட்டையைத் திருப்பிப் பெயரை எழுத ஒரு நிமிடம் ஆகுமா? ஆனால் பெயரே இருந்திருக்காது. நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயர் உள்ள துண்டு கடையிலேயே தங்கிவிடுகிறது. எத்தனை வருஷமாகக் கத்துகிறேன்!

ஒருமுறை ஒரு பெரியவர் இப்படி மூன்று துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து வந்து என் மேஜையில் அவிழ்த்தார். விசாரித்தால் மூன்றிலும் பாராசிட்டமால்! ஒன்றில் தனியாக, மற்ற இரண்டில் வேறு வலி மருந்துகளோடு: ஒன்றில் அசிக்ளோஃபெனாக், இன்னொன்றில் டிரமடால். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 5 கிராமை நெருங்கியது. எல்லையே 4 கிராம். வயதானவர்களை நான் மூன்றைத் தாண்ட விடுவதில்லை. ஈரல் தாங்காது.

அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் வகை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். பிபி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆபத்து இரட்டிப்பு. இங்கே குளிரில் தாகமும் எடுக்காது, தண்ணீரும் குடிக்கமாட்டீர்கள். பாராசிட்டமால் 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, வலி ஏறும்வரை காத்திராமல் முதல் சில நாள்: பெரும்பாலோருக்கு இதுவே போதும். ஈரல் கோளாறோ தினசரி குடியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான். கிரியேட்டினின் பார்க்காமல் அசிக்ளோஃபெனாக் வகையைத் தொடவே வேண்டாம்.

டியூப் இருந்தும் சிறுநீர் முட்டுகிறது, அடிவயிறு சுண்டி இழுக்கிறது. டியூபைக் கழற்றிவிடலாமா? (ஊட்டி)

கூடவே கூடாது! சிறுநீர்ப்பையை மூத்திரக் குழாயோடு சேர்த்துத் தைத்த இடம் ஆற வேண்டும்; அதற்காகத்தான் ஏழிலிருந்து பத்து நாள் டியூப். உங்களுக்கு வருவது சிறுநீர்ப்பை இழுப்பு. வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது, இழுப்பைத் தளர்த்த ஆக்ஸிபியூட்டினின் போன்ற வேறு மருந்துகள் உண்டு, டாக்டரைக் கேளுங்கள். டியூபில் மாட்டிய பையில் சிறுநீர் சேராமல் வலித்தால், கட்டி கட்டியாக ரத்தம் வந்தால், உடனே ஆஸ்பத்திரி.

மலம் கழித்து நாலு நாள் ஆகிறது. எனிமா வைக்கலாமா? (கூடலூர்)

வேண்டாம். ஆசனவாய் வழியாக எதுவும் இப்போது கூடாது, முக்கவும் கூடாது. டிரமடால் சாப்பிட்டால் இப்படித்தான் கட்டும் (அட்டையில் பெயர் பாருங்கள்!). தண்ணீர், நடை, இரவில் மலமிளக்கியான லாக்டுலோஸ். வயிறு உப்பி வாந்தி வந்தால் காத்திருக்காதீர்கள்.

விதைப்பை வீங்கி நீலம் பாரித்திருக்கிறது. (குன்னூர்)

சகஜம். படுக்கும்போது சுருட்டிய துண்டை அடியில் வையுங்கள். காய்ச்சலோ சிவப்போ சேர்ந்தால் காட்டுங்கள்.

இடது கெண்டைக்கால் மட்டும் வலித்து வீங்குகிறது. நீலகிரித் தைலம் தேய்க்கலாமா? (கோத்தகிரி)

தேய்க்காதீர்கள்! ரத்தக்கட்டியாக இருந்தால் நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். பதிலுக்குக் காத்திருந்ததே தப்பு, இன்றே ஸ்கேன் எடுங்கள்.