பிசியோவைத் தொடரவா, விடவா?

மதிப்புக்குரிய உளவளத்துணையாளருக்கு,

வயது 36. இரண்டு பிள்ளைகள். கணக்குப் பிரிவில் வேலை, அதாவது நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற வேலை. இளையவன் பிறந்த பிறகு எனக்குக் கீழ்ப்பகுதியில் ஒரு நோ தொடங்கியது. எரிவு மாதிரி, சில நேரம் உள்ளே ஊசி ஏறுகிற மாதிரி. இருந்தால் கூடும், எழும்பி நின்றால் குறையும். முதலில் சலத்தில் கிருமி என்று அன்டிபயோட்டிக் தந்தார்கள். பிறகு ஸ்கான், பிறகு எம்.ஆர்.ஐ. ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் எனக்கு ஏன் நோகிறது? கடைசியில் ஒரு டொக்டர்தான் புடெண்டல் நரம்பு என்று பெயர் சொல்லி, இரவுக்கு ஒரு குளிசையும், இடுப்பின் அடித்தசைகளுக்கான பெல்விக் பிசியோதெரபியும் எழுதித் தந்தார்.

என் கேள்வி இதுதான். இந்தப் பிசியோவைத் தொடர்வதா, விடுவதா? மாதக்கணக்காகப் போகிறேன். பெரிய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. பிசியோ செய்கிற பெண் நல்ல பொறுமைசாலி, ஆனால் என்ன கேட்டாலும் "மெதுவாகத்தான் சரிவரும்" என்பார். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் போகிறது. இன்றைய விலைவாசியில் அது சின்னக் காசா? காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் போய் வருவதிலேயே நோ இரட்டிப்பாகிறது. கந்தோரிலும் இனி லீவு கேட்க முகமில்லை.

வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "இரவில நல்லாத்தானே நித்திரை கொள்ளுறா, பிறகென்ன நோ" என்று மாமி மச்சாளுக்குப் போனில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. இவர் அதைவிட. பெரிய விலை கொடுத்து முதுகுக்கு முண்டு வைத்த கதிரை ஒன்று வாங்கி வந்தார். அதில் ஐந்து நிமிடம் இருக்க முடியவில்லை. இருக்கவில்லை என்று அவருக்குக் கோபம். நல்லூர்த் திருவிழாவுக்கு வேன் பிடித்துவிட்டு, "சீட்டைச் சாய்ச்சுத் தாறன், சாய்ஞ்சு கொண்டு வா" என்றார். யாழ்ப்பாணம் மட்டும் வேனில் இருப்பது எனக்கு என்ன பாடு என்று ஒரு நிமிடம் யோசித்தாரா? நான் வீட்டில் நாரி நோ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த இடத்தைப் பற்றி எப்படிச் சொல்வது, அதனால் பயிற்சிகளையும் குளியலறையைப் பூட்டிக்கொண்டுதான் செய்கிறேன். வெளியே மாமி நடமாடுவார், அவசர அவசரமாக முடிக்க வேண்டும். இதில் எங்கே பலன் வரப்போகிறது? நோ வந்த பிறகு மகளோடுதான் படுக்கிறேன். பிசியோ முடிகிற அன்றைக்கு இவர் "இப்ப சுகம்தானே" என்று கேட்பார். சரி, அது வேறு கதை.

எனக்குக் காசுதான் கவலை. இவ்வளவு செலவழித்தும் ஒரு கதிரையில் ஆறுதலாக இருக்க முடியவில்லை. நிறுத்தினால் கூடிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஊசி, ஒப்பரேஷன் என்றும் உண்டாமே, அதற்குப் போகலாமா? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
கொழும்பு 6

அன்புள்ள சகோதரி,

காசு, காலி வீதி, மாமி, கதிரை, வேன் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஒன்றை மட்டும் "அது வேறு கதை" என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கதை. பிசியோ முடிந்தால் கணவர் "சுகம்தானே" என்று கேட்பார். ஓம் என்றால் மகளின் அறையிலிருந்து திரும்பி வர வேண்டும். இல்லை என்றால், பிறகேன் நிறுத்தினாய் என்பார். பிசியோ நடக்கும் வரைக்கும் இரண்டுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. தொடரவும் மனமில்லாமல் விடவும் பயந்து நீங்கள் அல்லாடுவதற்குக் காசைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. புடெண்டல் நரம்பு முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக நரம்புகளில் 2, 3, 4ஆம் வேர்களிலிருந்து வருகிறது. பிறப்புறுப்பு, மலவாசல், இரண்டுக்கும் இடைப்பட்ட இடம் எல்லாவற்றுக்கும் உணர்ச்சி தருவது அதுதான். ஆகவே உறவின்போது நோவதும், நோகுமே என்ற நினைப்பிலேயே உடம்பு இறுகுவதும் இந்த நோயோடு வருபவை. கணவர் மீது உங்களுக்கு அன்பு குறைந்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

மாமிக்கும் ஒரு பதில் இருக்கிறது. இந்த நோவைக் கண்டறிய 2008இல் பிரான்சின் நான்ட் நகரத்து வைத்தியர்கள் சில அளவுகோல்களை வெளியிட்டார்கள். இருந்தால் நோ கூடுவது அதில் ஒன்று. நோவினால் இரவில் விழிப்பு வராதது இன்னொன்று! குறை சொல்லப்போன மாமி அச்சொட்டாக அறிகுறியைச் சொல்லியிருக்கிறார். எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாததும் வழமைதான். வேறு நோய் இல்லை என்று பார்க்கத்தான் பெரும்பாலும் அதை எடுப்பது.

இனிச் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. கதிரை விஷயத்திலும் வேன் விஷயத்திலும் நான் உங்கள் கணவர் பக்கம். மனைவிக்கு நாரி நோ என்று நம்புகிற ஒருவர் வேறென்ன செய்வார்? முதுகுக்கு முண்டு கொடுக்கிற கதிரை வாங்குவார், தூரப் பயணத்தில் சீட்டைச் சாய்த்துத் தருவார். தனக்குச் சொல்லப்பட்ட நோய்க்கு அவர் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறார். விளங்கவில்லை என்று கோபப்படுகிறீர்களே, விளங்கிக்கொள்ள அவருக்கு என்ன கொடுத்தீர்கள்? இடுப்புக்குக் கீழே உள்ளதை வாய்விட்டுச் சொல்ல நம் வீடுகளில் யாரும் பழக்குவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூச்சத்துக்கான தண்டனையை அவர் அல்லவா அனுபவிக்கிறார்?

சரி, பிசியோவுக்கு வருவோம். அது பலன் தரவில்லை என்று தீர்ப்புச் சொல்ல இன்னும் காலம் வரவில்லை, ஏனென்றால் அது இன்னும் முழுதாக நடக்கவே இல்லை. இந்த நோவில் இடுப்புத்தளத் தசைகள், அதாவது இடுப்பின் அடியில் தாங்கிப் பிடிக்கிற தசைகள், பலருக்கும் இறுகிப்போய் இருக்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பொதுவாகச் சொல்லித்தரும் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி அப்படிப்பட்டவர்களுக்கு நோவைக் கூட்டவும் கூடும். அவர்களுக்கு வேண்டியது தளரவிடுவது: வயிறு எழும்ப ஆறுதலாக மூச்செடுத்து, அந்தத் தசையை விட்டுக்கொடுப்பது. அதை நீங்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால், மாமியின் காலடிக்குக் காது கொடுத்தபடி செய்கிறீர்கள். ஒளிந்திருக்கிற கள்ளன் விடுகிற மூச்சில் எந்தத் தசை தளரும்? கிளினிக்கில் அந்தப் பெண் தளர்த்திவிடுவதை வீட்டுக்கு வந்து நீங்களே இறுக்கிக்கொள்கிறீர்கள்.

அந்தப் பிசியோப் பெண்ணிடமாவது படுக்கையறைப் பயத்தைச் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படித் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவருக்கு அது புதிய விஷயமே இல்லை, சிகிச்சையில் அதற்கும் இடம் உண்டு.

ஆகவே இப்போது விட வேண்டாம், முடிவில்லாமல் போகவும் வேண்டாம். இன்னும் 3 மாதம் என்று பிசியோவோடு கதைத்து வைத்துக்கொள்ளுங்கள். நோ போய்விட்டதா என்று தினமும் பார்க்காமல், எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று பாருங்கள். நடுவில் வெட்டிய குஷன் ஒன்றைக் கந்தோருக்கும் ஓட்டோவுக்கும் கொண்டுபோங்கள். பயிற்சி வீட்டில் ஒழுங்காக நடந்தால் போகும் தடவைகளைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் பிசியோதெரபிப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. இந்தத் தசைகளில் பயிற்சி பெற்ற பெண் பிசியோ இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அதற்குப் பிறகும் மாற்றமே இல்லையென்றால் டொக்டரிடம் திரும்பிப் போய்க் குளிசையைப் பற்றியும் நரம்பை மரக்கவைக்கும் ஊசியைப் பற்றியும் கதையுங்கள். ஒப்பரேஷன் கடைசிப் படி. இடையில் சலம் போகாமல் அடைத்தாலோ, கதிரையில் இருக்கும்போது படுகிற பகுதி மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ இதெல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கணவரிடம் சொல்வதுதான் இதில் முதல் வேலை. மரீன் டிரைவில் நடந்தபடி சொல்லுங்கள். இருந்து கதைக்க உங்களால் முடியாது, முகம் பார்த்துக் கதைக்கவும் கூச்சமாக இருக்கும். "எனக்கு நாரி நோ இல்லை. பிள்ளை பிறந்த இடத்து நரம்பில நோ. கதிரையில இருக்கவும் நோகுது, உங்களோட சேரவும் பயமா இருக்கு. உங்களில பிழை இல்லை." இவ்வளவு போதும். ஒரே கட்டிலில் படுப்பதும் உறவும் வேறு வேறு, முதலாவது மட்டும் இப்போதைக்கு என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம். அவர் "சுகம்தானே" என்று இன்னும் கேட்கக்கூட இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறகு இரவில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆறுதலாகப் பயிற்சி செய்யுங்கள். அந்த அரை மணிநேரம் பிள்ளைகளை அவர் பார்க்கட்டும். மாமிக்கும் சொல்ல வேண்டுமா என்றால், தேவையில்லை. அவருக்கு அது நாரி நோவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.