அம்மம்மாவின் தோள்

அன்புள்ள அண்ணா,

மாங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்கு பஸ். பதினொரு மாத மகனை அம்மாதான் பார்க்கிறார். அழுவானே என்று, கோழி காட்ட அம்மா அவனைப் பின்வளவுக்குத் தூக்கிப்போகும் நேரம் பார்த்துப் படலையைத் தாண்டிவிடுவேன். மாலையில் வந்து கையை நீட்டினால் முகத்தைத் திருப்பி அம்மாவின் தோளில் புதைத்துக்கொள்கிறான். தாயோடு பிணைப்பு இல்லாத பிள்ளை பிற்காலத்தில் கெட்டுப்போகும் என்று வாசித்ததிலிருந்து தூக்கமில்லை. வேலையை விட்டுவிடவா?

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வேலையை விடுவதும் விடாததும் உங்கள் வீட்டுக் கணக்கு. இந்தப் பயத்துக்காக விடாதீர்கள்.

நீங்கள் வாசித்தது ஜான் போல்பி சொன்னதில் ஒரு கிழிந்த துண்டு. அந்த ஆங்கிலேய மனநல மருத்துவர் 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையிலேயே, தாய் அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவர் என்றுதான் சொன்னார். வீடற்றுப்போன பிள்ளைகளைப் பற்றிய அறிக்கை அது. ‘அல்லது’ என்பதை மட்டும் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். 1964-ல் வெளியான ஆய்வில் ஷாஃபர், எமர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களோடு ஒட்டிவிட்டன. பால் கொடுத்தவரைவிட, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியவரோடு.

முகம் திருப்புவதை வைத்துப் பிணைப்பை அளந்தவர் உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த். ஆனால் அது சுமார் 20 நிமிடம், பிள்ளைக்குப் பழக்கமில்லாத அறையில், சில நிமிடப் பிரிவை வைத்துச் செய்த சோதனை. பகல் முழுவதும் பிரிந்திருந்து வந்து, முற்றத்தில் நின்று தீர்ப்பு எழுத அது உதவாது.

1996-ல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் கொட்டில் போட்டிருந்தோம். என் தங்கைக்கு ஒரு வயது. அம்மா நிவாரண வரிசைக்குப் போனால் பக்கத்துக் கொட்டில் ஆச்சிதான் ஏணை ஆட்டுவார். ஆச்சியின் காதுச் சோணையைப் பிடிக்காமல் அவள் தூங்கமாட்டாள். அம்மாவுக்கு அது எரிச்சல்தான், மறைக்கவும் இல்லை. ஆனால் காய்ச்சல் அடித்த இரவுகளில் ஆச்சி எவ்வளவு கூப்பிட்டும் அவள் அம்மாவின் மடியை விட்டு இறங்கவில்லை.

எனக்கு உறுத்துவது உங்கள் வேலை அல்ல, அந்தக் கோழி. இந்த வயதில், கண்ணுக்கு மறைந்த அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது பிள்ளைக்குத் தெரியும். எப்போது மறைவாள் என்பதுதான் தெரியாது. சொல்லாமல் போனால் எந்த நேரமும் காவல் இருக்க வேண்டியதாகிவிடும். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போங்கள். அழுவான். அழட்டும், அம்மம்மாவின் தோள் இருக்கிறதே.

மாலையில் வந்ததும் கையை நீட்டாதீர்கள். அம்மாவின் பக்கத்தில் திண்ணையில் சும்மா இருங்கள். கொஞ்ச நேரத்தில், உங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடாவை ஒரு கை பிடித்து இழுக்கும்.