எல்லா உபதேசமும் ஒரே எடையா?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். என் தம்பி இப்போது ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். குழந்தையில் எனக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே இல்லை, முழுக்கு எடுக்காவிட்டால் பரலோகம் இல்லை என்கிறான். கம்மலையும் கழற்றச் சொல்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்த இரண்டு பேர், இயேசு தேவன் அல்ல, தேவன் முதலாவது படைத்தவர் என்று சொல்லிப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் கணவரோ, "அன்பாயிருந்தால் போதும், உபதேசம் பேசினாலே சண்டைதான்" என்கிறார். இவற்றில் எதில் நான் அசையக்கூடாது, எதில் விட்டுக்கொடுக்கலாம்? எல்லாமே வேதத்தில் உள்ளவைதானே, இது பெரிது அது சிறிது என்று பிரிக்க நாம் யார் என்றும் தோன்றுகிறது.

ஒரு சகோதரி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பிரித்தவர் ஆண்டவரே. ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு, 'விசேஷித்தவைகளாகிய நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும்' விட்டுவிட்டவர்களை அவர் மத்தேயு 23:23இல் கடிந்துகொள்கிறார். அந்த வசனத்தின் முடிவையும் சேர்த்து வாசியுங்கள்: 'இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்.' இரண்டாம் வரிசையில் வைத்ததால் ஒன்று தள்ளுபடியாகிவிடாது. அதற்கும் கீழ்ப்படியவேண்டும், அதை வைத்து ஒருவருடைய இரட்சிப்பை அளக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அடிப்படை எது என்று கண்டுபிடிக்கும் முறையை 1 கொரிந்தியர் 15இல் பவுலே செய்து காட்டுகிறார். கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்ததைத் தாம் பிரதானமாக ஒப்புவித்ததாகச் சொல்கிறார். பிறகு, உயிர்த்தெழுதலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பார்க்கிறார். பிரசங்கம் விருதா, விசுவாசம் வீண், 'நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்.' இதே கேள்வியை ஒவ்வொரு உபதேசத்திடமும் கேளுங்கள்: இதை எடுத்துவிட்டால் பாவமன்னிப்பு நிற்குமா, விழுமா? கிறிஸ்துவின் வருகை ஆயிர வருட அரசாட்சிக்கு முன்பா பின்பா என்பதில் எந்தப் பக்கம் நின்றாலும் சிலுவைக்கு ஒன்றும் ஆகாது. அவர் திரும்ப வரவே மாட்டார் என்று ஒருவர் சொன்னால், அது வேறு.

வீட்டுக்கு வந்த இருவர் சொன்னது இந்தச் சோதனையில் விழுகிறது. அது புதிதும் அல்ல. அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ் நான்காம் நூற்றாண்டில் சொன்னதன் சாரம் அதுதான். 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் அதை மறுத்தது. ஆரியுஸின் போதனைக்கு எதிராக நின்ற அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அவருடைய வாதம் எளிமையானது: படைக்கப்பட்டவர் படைக்கப்பட்டவர்களை இரட்சிக்க முடியாது. அவர்கள் மறுபடி வந்தால் யோவான் 20:28ஐத் திறந்து வையுங்கள். தோமா 'என் ஆண்டவரே! என் தேவனே!' என்கிறான், இயேசு அவனைத் தடுக்கவில்லை. வெளிப்படுத்தல் 22இல் யோவான் தூதனின் பாதத்தில் விழுந்தபோதோ, தூதன் உடனே தடுக்கிறான். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, "நீங்கள் இயேசுவைத் தொழுதுகொள்வீர்களா?" என்று கேளுங்கள். மரியாதையாகப் பேசுங்கள், தண்ணீர் கொடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆனால் சுவிசேஷம் கெடுவது எதையாவது எடுத்துவிடுவதால் மட்டுமல்ல. கூட்டினாலும் கெடும். கலாத்தியரைக் குழப்பினவர்கள் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. 'விருத்தசேதனமும் வேண்டும்' என்றார்கள். பவுலின் இரண்டு உடன் ஊழியரைப் பாருங்கள். தீமோத்தேயுவின் தாய் யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன். அந்தப் பகுதி யூதர்களிடம் ஊழியம் தடைபடாதபடி பவுல் அவனுக்கு விருத்தசேதனம் பண்ணினார் (அப்போஸ்தலர் 16:3). தீத்து கிரேக்கன், அவன் விஷயத்தில் கட்டாயம் வந்தபோது 'ஒரு நாழிகையாகிலும்' இணங்கவில்லை (கலாத்தியர் 2). அதே சடங்கு, அதே அப்போஸ்தலன். அங்கே அது அன்பினால் செய்த விட்டுக்கொடுப்பு. இங்கே 'இது இல்லாவிட்டால் இரட்சிப்பு இல்லை' என்ற நிபந்தனை. நிபந்தனையாக வந்த கணமே, இரண்டாம் வரிசைக் காரியம் முதல் வரிசைச் சண்டையாகிவிடுகிறது.

தம்பியிடம் இந்த இடத்தில்தான் பேசவேண்டும். தெளித்தலா முழுக்கா என்று கிரேக்கச் சொல்லை வைத்து வாதாடவேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் கிறிஸ்துவை விசுவாசிக்கிறேன். இன்று ராத்திரி மரித்தால், முழுக்கு எடுக்கவில்லை என்பதற்காக அவர் என்னைத் தள்ளுவாரா?" தள்ளமாட்டார் என்றால், நீங்கள் இருவரும் கீழ்ப்படிதலைப் பற்றித்தான் கருத்து வேறுபடுகிறீர்கள். முழுக்கு கொடுக்கும் சபைகளில் பல அப்படித்தான் போதிக்கின்றன; தம்பியின் போதகரிடமே கேட்டால் அதைச் சொல்லக்கூடும். தள்ளுவார் என்றால் மாற்கு 16:16ஐ எடுப்பான்: 'விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்.' அதன் பிற்பாதி, 'விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்' என்கிறது. ஞானஸ்நானம் பெறாதவன் என்று சொல்லவில்லை. கொர்நேலியு வீட்டில் பரிசுத்த ஆவியானவர் முதலில் இறங்கினார், தண்ணீர் பிறகு வந்தது. அதற்காகப் பேதுரு ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடவும் இல்லை. இரண்டையும் சொல்லுங்கள்.

ஞானஸ்நானம் ஏன் சபைகளைப் பிரிக்கிறது என்றால், குழந்தைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் ஒரு சபை ஏதாவது ஒன்றைச் செய்தாகவேண்டும். ஆகவே தனித்தனிச் சபைகளாக இருப்பதில் தவறில்லை. மற்ற சபையாரை அஞ்ஞானிகள் என்பதுதான் தவறு. 1970இல் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் இணைந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், விசுவாசிகள் ஞானஸ்நானம் இரண்டையும் அந்தச் சபை ஏற்றுக்கொண்டது.

உங்கள் சபையே இந்தப் பகுத்தறிதலில் பிறந்ததுதான். 1919இல் தரங்கம்பாடியில் அசரியா பேராயர் உள்ளிட்டோர் கூடித் தொடங்கிய சபை ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில்தான் முடிந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே ஒன்றாயிருந்த பிரஸ்பிட்டேரியன் மற்றும் காங்கிரிகேஷனல் சபையார் எல்லாரும் வேதத்தையும் அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களையும் ஒத்துக்கொள்வதில் பெரிய சிக்கல் இல்லை. அத்தனை வருடம் இழுத்தது பேராயர் பதவி: பேராயர் கைவைக்காமல் அபிஷேகம் பெற்ற குருமாரை என்ன செய்வது? தீர்வைக் கவனியுங்கள். பேராயர் இருப்பார், ஆனால் அந்தப் பதவியைப் பற்றி ஒரே விளக்கத்தை எல்லாரும் நம்பவேண்டியதில்லை. முன்பே அபிஷேகம் பெற்றவர்களுக்கு மறு அபிஷேகம் இல்லை. மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழியரையோ எந்தச் சபையின்மேலும் திணிப்பதில்லை. நடைமுறை ஒன்று, விளக்கம் பல. இது சோம்பலான சமரசம் அல்ல. எதை இறுகப் பிடிப்பது என்று தெரிந்தவர்களால்தான் மற்றதில் இவ்வளவு கையைத் திறக்க முடிந்தது.

கம்மல் மூன்றாம் வரிசை, அவரவர் மனச்சாட்சிக்கு விடவேண்டியது. 1 தீமோத்தேயு 2:9இல் பொன்னோடு முத்தும், மயிரைப் பின்னுதலும், விலையேறப்பெற்ற வஸ்திரமும் ஒரே மூச்சில் வருகின்றன. பொன்னை மட்டும் பிடித்துக்கொண்டு, பின்னலையும் பட்டுச்சேலையையும் விட்டுவிடுவதற்கு வசனத்தில் இடமில்லை. காது கண்ணுக்குத் தெரிகிறது, கிறிஸ்துவைப் பற்றிய விசுவாசம் தெரிவதில்லை. அதனால்தான் சபைகளில் நகைக்கு இருக்கும் கண்காணிப்பு பிரசங்கத்துக்கு இருப்பதில்லை. நகையே அணியாத பிரசங்கியார், காணிக்கைக்கு ஏற்றபடிதான் தேவன் ஆசீர்வதிப்பார் என்று போதிக்கலாம். விசுவாசப் பிரமாணம் முழுவதையும் சொல்லிக்கொண்டே கிருபையை விலைக்கு விற்கிற அந்தப் போதனை, உங்கள் கம்மலைவிட ஆயிரம் மடங்கு ஆபத்தானது. தம்பி மனச்சாட்சியோடு நகை அணியாதிருந்தால் ரோமர் 14இன்படி அவனைக் கேலி செய்யாதீர்கள். அதே அதிகாரத்தின்படி அவன் உங்களை நியாயந்தீர்க்கவும் கூடாது.

கணவர் சொல்வதில் பாதி சரி. அன்பில்லாத உபதேசச் சண்டையைக் கண்டு அவர் களைத்திருக்கலாம். ஆனால் அந்த அன்பைப் பற்றியே அதிகமாக எழுதிய யோவான்தான், மாம்சத்தில் வந்த இயேசுகிறிஸ்துவை அறிக்கைபண்ணாத ஆவி தேவனால் உண்டானதல்ல என்றும் எழுதினார் (1 யோவான் 4). 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்பதும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரத்தை முழுவதுமாக அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

தம்பி வீட்டு ஜெபத்துக்குப் போங்கள், சேர்ந்து பாடுங்கள். அவர்கள் சபையில் முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டுமே திருவிருந்து என்றால், அது அவர்களுடைய ஒழுங்கு. மனம் கசக்காமல் உட்கார்ந்திருங்கள். அடுத்த ஞாயிறு உங்கள் ஆலயத்துக்கு அவனையும் அழையுங்கள்.