முதலில் எதை மாற்றலாம்? அட்வெஞ்சர் பைக் கேள்வி பதில்

அட்வெஞ்சர் பைக்கில் பாகம் மாற்றுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் சொல்லும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, வண்டி எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. கிராஷ் கார்டு, கூடுதல் லைட், சைலன்சர், பெட்டி என்று பெரிய பட்டியலே வைத்திருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

பட்டியலை மடித்து வைத்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள் தம்பி. நின்றுகொண்டு ஓட்டும்போது மணிக்கட்டு மடங்காதபடி கிளட்ச், பிரேக் லீவர்களைக் கொஞ்சம் கீழே சுழற்றி வையுங்கள். கியர் லீவரை பூட்ஸ் நுழையும் அளவுக்கு ஏற்றுங்கள். இதற்குக் காசே ஆகாது, ஆனால் வண்டியே மாறிய மாதிரி இருக்கும்.

அதன் பிறகு வாங்குவதென்றால் ஹேண்ட்கார்டும், இன்ஜினின் அடிப்பக்கத்தைக் காக்கும் பாஷ் பிளேட்டும். நின்ற இடத்திலேயே வண்டி சாய்ந்தாலும் லீவர் ஒடியும். ஹேண்ட்கார்டில் இரண்டு முனையும் பிடிக்கும்படி அலுமினியக் கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு முனையில் மட்டும் மாட்டும் பிளாஸ்டிக் வகை காற்றைத் தடுக்கும், லீவரைக் காப்பாற்றாது. சைலன்சர் பட்டியலின் கடைசிக்குப் போகட்டும். என்னைக் கேட்டால் பட்டியலிலேயே வேண்டாம்.

கேள்வி: முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் மேடு ஏற நல்ல இழுவை வரும் என்கிறார்கள். போடலாமா?

இழுவை வரும். ஸ்ப்ராக்கெட் என்பது செயின் ஓடும் பல் சக்கரம். முன்னால் 15 பல், பின்னால் 45 என்றால் விகிதம் 3. முன்னால் 14 ஆக்கினால் 3.21, அதாவது 7 சதவீதம் கூடுதல். பின்னால் 48 போட்டாலும் கிட்டத்தட்ட அதேதான் கிடைக்கும். முன்னால் மாற்றுவது மலிவு, செயின் நீளத்தையும் தொட வேண்டியதில்லை. அதனால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆனால் நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடிய இன்ஜின் அதே வேகத்துக்கு 5350 சுற்றுக்கு மேல் போகும். சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் அதிகமாக மடங்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலுள்ள ரப்பர் பட்டையையும் கூடுதலாக உரசும். வேகமானிக்கு கியர்பாக்ஸிலிருந்து சிக்னல் வருகிற வண்டி என்றால் மீட்டர் உண்மையை விட அதிகம் காட்டும். சக்கரத்திலிருந்து எடுப்பதென்றால் மாற்றம் இல்லை.

கேள்வி: செயின் மட்டும் மாற்றினால் போதுமா, செட்டாகத்தான் மாற்ற வேண்டுமா சார்?

செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செட்டாகத்தான். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் புதுசும் சீக்கிரம் பழசாகிவிடும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது.

மாட்டிய பிறகு செய்கிற பெரிய தப்பு, இறுக்கி வைப்பது. அட்வெஞ்சர் பைக்கில் சஸ்பென்ஷன் நிறைய இறங்கும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் போல்ட்டு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில்தான் செயின் அதிகபட்ச இறுக்கத்தில் இருக்கும். ஸ்டாண்டில் நிற்கும்போது அழகாக இறுகியிருந்தால், குழியில் விழும்போது அது கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். சாதாரண பைக் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு சரியான தொய்வே தளர்ச்சியாகத்தான் தெரியும். அப்படியே விடுங்கள்.

கேள்வி: பெட்டியும் ஆளும் ஏறினால் பின்பக்கம் அமுங்கிவிடுகிறது. பிரீலோடை முழுக்க ஏற்றியும் பயனில்லை. ஷாக் அப்சார்பரே மாற்ற வேண்டுமா?

பொறுங்கள். முழு ஷாக்கையும் மாற்றுவதற்கு முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பிரீலோடு என்பது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பது. அதை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஆகாது. வண்டி உட்காரும் உயரம்தான் மாறும், கெட்டித்தன்மை அப்படியேதான் இருக்கும்.

அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே சீட் ஓரத்தில் ஒட்டிய டேப் வரை அளந்து எழுதுங்கள். பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி, ஆள் ஏறாமல் ஒருமுறை. கடைசியாக பூட்ஸ், ஹெல்மெட், பை எல்லாம் போட்டு நீங்கள் ஏறி உட்கார, இன்னொருவர் அளக்கட்டும். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம் பின் சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் 30 முதல் 35 சதவீதம் இருக்கலாம். 200 மிமீ அசைவு என்றால் 60 முதல் 70 மிமீ.

இனிதான் விஷயமே. ஆளோடு அந்த அளவைக் கொண்டுவர பிரீலோடை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள், ஆனால் ஆள் இல்லாதபோது வண்டி துளிகூட இறங்காமல் விறைத்து நிற்கிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது. ஆள் இல்லாமலே நிறைய இறங்கி, ஏறியதும் சரியான அளவில் நின்றால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கெட்டி. தலைகீழாகத் தோன்றும், இரண்டு தடவை யோசித்தால் பிடிபடும்.

கெட்டி ஸ்பிரிங் போட்டால் ரீபவுண்டும், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழுவதை மெதுவாக்கும் தடையும், கொஞ்சம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சீட் உங்களைத் தூக்கி எறியும். ரீபவுண்டு திருகி இல்லாத ஷாக், அல்லது எண்ணெய் கசியும் ஷாக் என்றால் மட்டும் முழுசாக மாற்றுவதில் அர்த்தம் உண்டு. பின்னால் கெட்டியாக்கிவிட்டு முன் ஃபோர்க்கை அப்படியே விடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தும்.

கேள்வி: நின்று ஓட்டினால் முதுகு வலிக்கிறது. ஹேண்டில்பார் ரைசர் எத்தனை மிமீ போடலாம் அண்ணா?

ரைசர் என்பது ஹேண்டிலை உயர்த்தும் துண்டு. 20, 30 மிமீ வரை பெரும்பாலான வண்டிகளில் பிரச்சினை வராது. அதற்கு மேல் போனால் கேபிளும் பிரேக் ஹோஸும் எட்டாமல் போகலாம். நான் 40 மிமீ போட்டு, முற்றத்தில் நேராக நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மண் பாதையில் மெதுவாக யூ-டர்ன் எடுக்கும்போது ஹேண்டில் முழுக்க இடது பக்கம் போனதும், கை தொடாமலே இன்ஜின் உறுமியது. ஆக்சிலரேட்டர் கேபிள் தன்னாலே இழுபட்டிருக்கிறது. வண்டி முன்னால் பாய்ந்து, நான் புதருக்குள். அதிலிருந்து ரைசர் போட்டால் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்காமல் வெளியே எடுப்பதில்லை. ஃபோர்க் முழுக்க நீண்ட நிலையிலும் பிரேக் ஹோஸ் விறைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 40 வாட் லைட் இரண்டு, சூடாகும் கிரிப், போன் சார்ஜர் போட்டேன். இரண்டு நாளில் பேட்டரி இறங்கிவிட்டது.

லைட் மட்டுமே 80 வாட், கிட்டத்தட்ட 6 ஆம்பியர். கிரிப் இன்னொரு 3 ஆம்பியர். இன்ஜினில் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டரின் மொத்த வாட் எவ்வளவாக இருந்தாலும், அது இன்ஜின் நல்ல சுற்றில் ஓடும்போது கிடைப்பது. ஐடிலில் அதைவிடக் குறைவு. எல்லாவற்றையும் போட்டுவிட்டு பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஓடும் சுற்றில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13-க்குக் கீழே போனால் பேட்டரியிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறீர்கள்.

லைட்டுக்கு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். ரிலேயைத் தூண்டும் ஒயர் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்திலிருந்து வரட்டும்.

கேள்வி: பிரேக் ஆயிலில் டாட் 4-க்குப் பதில் 5 ஊற்றினால் இன்னும் நல்லதா?

வேண்டாம். டாட் 5 சிலிக்கான், 4-ம் 5.1-ம் கிளைக்கால். 5.1 ஊற்றலாம், 5 கூடாது. பெயர் வைத்தவர்கள் குழப்பிவிட்டார்கள். 4, 5.1 இரண்டில் எதுவானாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஸ்போக் சக்கரத்தை ட்யூப்லெஸ் ஆக்கலாமா? முன்னால் 21 அங்குலம்.

ஸ்போக் ஓட்டைகளை உள்ளே டேப் ஒட்டி அடைக்கும் முறை உண்டு. ஆனால் ட்யூப்லெஸ்ஸுக்கென்று செய்த ரிம்மில் டயர் ஓரம் நழுவாமல் பிடிக்க உள்ளே ஒரு சிறு மேடு இருக்கும். அது இல்லாத ரிம்மில் காற்று குறைந்தால் டயர் விளிம்பு உள்ளே நழுவிவிடும். முன்சக்கரத்தில் நான் செய்யமாட்டேன். ட்யூபோடு இருங்கள், ஒரு 21 அங்குல ட்யூப் பையில் இருக்கட்டும். அவசரத்துக்குப் பின்னால் 18 அங்குல டயருக்குள்ளும் அதைத் திணித்து ஊர் வந்து சேரலாம்.

கேள்வி: மாட்டிய பாகமெல்லாம் அதிர்வில் கழன்றுவிடுகிறது. முரட்டுத்தனமாக இறுக்கினால் மரை போய்விடுகிறது.

அலுமினியத்தில் மரை வெட்டிய இடத்தில் 6 மிமீ போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், அது கை அளவில் ரொம்பக் கொஞ்சம். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வாங்குங்கள். மரை கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீலம் ஒரு சொட்டு, சிவப்பு வேண்டாம். அது இறுகினால் சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும். இறுக்கி முடித்ததும் போல்ட்டுத் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை வண்டியைக் கழுவும்போது கோடு விலகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும்.