தலைமை ஆசிரியராவதற்கு எம்பிஏ எதற்கு?

பல ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கும் உங்கள் மகள் வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, 2 ஆண்டு மனிதவள எம்பிஏ படித்தால்தான் தலைமை ஆசிரியராக முடியும் என்கிறார் அவருடைய மாமா. என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. உங்கள் பயம் நியாயமானது. என் பதில்: அந்தப் படிப்பு வேண்டாம்.

மாமா கம்பெனியில் மனிதவள மேலாளர். அவருடைய வேலைக்கு அது பொருந்தும். பள்ளியில் சம்பளமும் பதவி உயர்வும் பெரும்பாலும் தலைமை ஆசிரியர் கையில் இருப்பதில்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பது, வளர்ப்பது, தவறும்போது உட்காரவைத்துப் பேசுவது, இவைதான் அவர் கையில் உள்ளவை. கட்டணத்தோடு 2 ஆண்டுச் சம்பளம், இழக்கும் பணிமூப்பு, கடன் வட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். பதவி உயர்வால் மாதம் எவ்வளவு கூடும் என்று எதிரே எழுதிப் பார்த்துவிட்டு மாமாவிடம் பேசுங்கள்.

அதற்குப் பதிலாக, புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை மகள் கேட்டு வாங்கட்டும். கூடுதல் பணம் கிடைக்காது என்பதால் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். முதல் ஆண்டில் 2 பேர் போதும். வகுப்புக்கு முன் 10 நிமிடம் பேசி, எதைக் கவனிப்பது என்று புதியவரையே தேர்வுசெய்யச் சொல்ல வேண்டும். பிறகு 20 நிமிடம் பின்வரிசையில் உட்கார்ந்து, கண்டதையும் கேட்டதையும் மட்டும் குறிக்க வேண்டும். ‘வகுப்பு மந்தம்’ என்று எழுதினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ‘8 கேள்விகள் கேட்டார், 6-க்கு அதே 3 பிள்ளைகள் பதில் சொன்னார்கள்’ என்று எழுதினால் பேச இடமிருக்கும். மறுநாளுக்குள் சந்திக்க வேண்டும். தள்ளிப்போனால் இருவருக்குமே வகுப்பு மறந்துவிடும். ஒரே ஒரு மாற்றத்தை முடிவுசெய்து, அங்கேயே ஒருமுறை செய்துபார்த்து, 2 வாரத்தில் மறுபடி அதே வகுப்புக்குப் போக வேண்டும். ஒரே மூச்சில் ஏழெட்டுக் குறை சொன்னால் எதுவும் மாறாது.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். அந்தக் குறிப்புகளை மேலிடம் மதிப்பீட்டுக்குக் கேட்கும். கொடுத்துவிட்டால் அதன்பின் யாரும் தன் தடுமாற்றத்தைக் காட்டமாட்டார்கள். ‘குறிப்பு எங்கள் இருவருக்கு மட்டும்’ என்ற ஒப்புதலை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கிராஃப்ட், பிளேசர், ஹோகன் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2018-இல் 60 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இப்படிக் கூடவே இருந்து வழிகாட்டுவது கற்பித்தலை உயர்த்துவதும், திட்டம் பெரிதானால் பலன் சுருங்குவதும் தெரிந்தது. 2 பேர் போதும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேர்காணல் குழுவிலும் ஓரிடம் கிடைத்தால் நல்லது. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரு மாதிரி வகுப்பு, கலந்துபேசும் முன்பே தனித்தனியாக மதிப்பெண். ‘பார்த்தவுடனே பிடித்துவிட்டது’ என்று ஆள் எடுக்கும் பழக்கம் அப்படித்தான் விலகும். வருகை, விடுப்பு விதிகளைச் சில வாரக் குறும்பயிற்சியில் கற்கலாம்.

ஆண்டு முடிவில் மகளிடம் கேளுங்கள்: பெரியவர்களின் சண்டையைத் தீர்ப்பதில் மனம் ஒட்டுகிறதா, பிள்ளைகளிடமே திரும்பத் தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் தலைமைப் பதவியே வேண்டாம். பாடத்துறைப் பொறுப்பு போதும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அந்தப் பதில் வரும்வரை கடன் விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது.