எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகள்: கேள்வி பதில்

கே: இரண்டாம் வகுப்புப் பையன். கரும்பலகையில் இருப்பதைத் தப்பாகவே எழுதி வருகிறான். டியூஷன் போடலாமா?

ப: முதலில் கண் டாக்டர், அடுத்து காது. சளியால் நடுக்காதில் நீர் கோத்தால் ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் மந்தமாகும். அவனுக்கு 'கவனமில்லாதவன்' என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

கே: ஆறு வயது மகள் ஆங்கில 'b', 'd'யை மாற்றி எழுதுகிறாள். டிஸ்லெக்சியாவா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடா?

ப: ஏழு வயதுவரை சகஜம். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கே: மூன்றாம் வகுப்பு. 247 எழுத்தும் ஒப்பிக்கிறான், 'கொக்கு' வாசிக்க வரவில்லை.

ப: ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு. 'கொ'வைப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு, பிறகு 'க', கடைசியில் கால். வாயிலோ முதலில் 'க்', பிறகுதான் 'ஒ'. இடமிருந்து வலமாகக் கூட்டுகிற பிள்ளை தடுக்கி விழுவது இங்கேதான். மூன்றையும் சேர்த்து ஒரே எழுத்தாகப் பார்க்கப் பழக்குங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு விளையாடுங்கள்: 'கல்'லில் 'க'வை எடுத்துவிட்டு 'ப' போட்டால் என்ன வரும்? டிஸ்லெக்சியாவிலும் பெரும்பாலும் சிக்கல் சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில்தான். தினமும் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்காரவைக்காதீர்கள்.

கே: வண்ணக் கண்ணாடி போட்டால் வாசிப்பு வருமாமே?

ப: வாங்காதீர்கள், சான்றில்லை. டிஸ்லெக்சியா என்ற பெயரை 1887இல் வைத்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். அதனாலோ என்னவோ, இன்னும் எல்லாரும் கண்ணிலேயே தேடுகிறார்கள்.

கே: அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்களே?

ப: அடிக்குப் பயந்தவன் கற்றுக்கொள்வது நோட்டை ஒளிக்கத்தான். காலையில் வயிற்று வலியும் வரும்.

அதே நண்பர்: நான் அடிவாங்கித்தான் படித்தேன். இன்று இன்ஜினியர்.

ப: உங்களோடு அடிவாங்கிப் பாதியில் நின்றவர்கள் இங்கே பேச வரவில்லை ஐயா.

இன்னொருவர்: அப்போ கண்டிக்கவே கூடாதா மேடம்?

ப: செய்யாததற்குக் கண்டியுங்கள். செய்ய வராததற்கு எப்படிக் கண்டிப்பீர்கள்? எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் பொறுமையில்லை.

கே: வகுப்பாசிரியரிடம் எப்படிப் பேசுவது?

ப: நோட்டோடு போங்கள். 'படிக்கமாட்டேங்கிறான்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'வாயால் கேட்டால் கணக்குச் சரி, எழுதினால் தப்பு' என்று சொல்லுங்கள். முன் பெஞ்சு, எழுதக் கூடுதல் நேரம், வாய்மொழிக் கேள்வி, இந்த மூன்றையும் கேளுங்கள்.

கே: அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவைக்கலாமா?

ப: அதே பாடத்தை அதே மாதிரி நடத்தினால் என்ன மாறும்?

கே: என் பையனுக்கு ஐந்து வயது. எழுத்தைத் திருப்பி எழுதுகிறான்...

ப: மேலே சொல்லியாச்சு.

கே: ஞாபகசக்திக்கு டானிக் ஏதாவது?

ப: கண், காது பார்த்தாச்சா?