கடிகாரம் துல்லியமாக இருந்தால் போதுமா?

வணக்கம் அண்ணே,

நான் பாம்பன்காரன். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒளி போய்த் திரும்பும் நேரத்தைத்தான் அளக்க முடியும், ஒருவழி வேகத்தை அளக்கவே முடியாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. இரண்டு அணுக்கடிகாரங்களைப் பாம்பனில் அருகருகே வைத்து நேரத்தை ஒன்றாக்கிவிட்டு, ஒன்றை மட்டும் மெதுவாகத் தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் அரிச்சல்முனைக்குக் கொண்டுபோனால் என்ன? மெதுவாகப் போனால், நகரும் கடிகாரம் பின்தங்கும் என்கிற சார்பியல் விளைவும் இருக்காதே. பாம்பனில் லேசரைத் தட்டினால் அங்கே எப்போது வந்தது என்று தெரிந்துவிடும். எங்கள் போட்டில் இருக்கும் ஜிபிஎஸ்கூட ஒருவழியாக வரும் சிக்னலை வைத்துத்தானே இடம் சொல்கிறது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

பாம்பனிலிருந்து அரிச்சல்முனைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பூமியின் வளைவால், இரண்டு பக்கமும் சுமார் 18 மீட்டர் உயரம் ஏறினால்தான் ஒரு முனை இன்னொரு முனைக்குத் தெரியும். சரி, கோபுரம் எழுப்பியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

ஒளி போய்த் திரும்ப 200 மைக்ரோ விநாடி. அதை ஒரே கடிகாரத்தில் அளந்துவிடலாம், தகராறே இல்லை. போக 100, வர 100 என்று பிரிப்பதுதான் சிக்கல். ஐன்ஸ்டைன் 1905 கட்டுரையில் அதை அளந்து சொல்லவில்லை. இரண்டும் சமம் என்று வரையறையாகவே வைத்துக்கொண்டு, தூரத்துக் கடிகாரங்களை அதன்படி ஒத்துவைக்கச் சொன்னார். சமமில்லாமல் பிரித்தாலும் முரண்பாடு வராது என்று பின்னாளில் ஹான்ஸ் ரைஹன்பாக் என்ற தத்துவவாதி வாதிட்டார்.

உங்கள் பக்கம் துபாய் போய் வருகிறவர்கள் நிறைய. மதுரையிலிருந்து விமானம் நாலு மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்ச் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தால் போக இரண்டரை மணி நேரம், வர ஐந்தரை. கூட்டினால் எட்டு, அது மாறாது. எந்தப் பயணியும் இதில் ஏமாறுவதில்லை, கையில் கட்டிய வாட்ச் நாலு என்று சொல்லிவிடுகிறது. நீங்கள் அரிச்சல்முனைக்குக் கொண்டுபோகச் சொல்வதும் அந்த வாட்சைத்தான்.

ஆனால் ஒளி விஷயத்தில் அந்த வாட்சும் கட்சிக்காரன். நகரும் கடிகாரம் மெதுவாகும் என்பது தெரியும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் எவ்வளவு பின்தங்கும்? ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒன்றரைப் பங்குகூட வராது. அதனால்தான் விட்டுவிடலாம் என்கிறீர்கள். அந்தக் கணக்கைப் போட்ட சூத்திரமே, ஒளி இரு திசையிலும் சம வேகம் என்று முதலிலேயே எடுத்துக்கொண்டு வந்த சூத்திரம்!

அந்த அனுமானத்தைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஒளி போக 60, வர 140 என்று வைத்தால், கிழக்கே போகும் கடிகாரம் அரிச்சல்முனை சேரும்போது 40 மைக்ரோ விநாடி முந்தியிருக்கும். 60 மைக்ரோ விநாடியில் வந்த ஒளியை அது 100 என்றே காட்டும். திரும்பி வரும் 140-லும் அந்த 40 கழிந்து மறுபடி 100. இன்னும் மெதுவாக, நடந்தே கொண்டுபோனாலும் தப்ப முடியாது. வேகம் குறையக் குறைய முந்தும் வீதம் குறையும், பயண நேரம் அதே அளவுக்குக் கூடும், பெருக்கினால் அதே 40. நடுவில் வைத்து ஒத்துவிட்டு இரண்டையும் எதிரெதிராக நகர்த்தலாமே என்று அடுத்து கேட்பீர்கள். ஒன்று 20 முந்தும், மற்றது 20 பிந்தும், அவ்வளவுதான். கடிகாரத்தை எத்தனை மடங்கு துல்லியமாக்கினாலும் இது தீராது.

ஜிபிஎஸ் விஷயமும் இதேதான். செயற்கைக்கோள்களில் இருக்கும் அணுக்கடிகாரங்களை ஒத்துவைத்ததே சம வேகக் கணக்கில். வேறு பிரிப்பை எடுத்துக்கொண்டு எல்லாக் கடிகாரத்தையும் அதற்கேற்பத் திருத்தினால் உங்கள் போட்டு இருக்கும் இடம் ஒரு மீட்டர்கூட மாறாது. 1676-இல் வானியலாளர் ரோமர் வியாழனின் நிலா அயோ மறைவதைப் பார்த்து, ஒளி வந்துசேர நேரம் பிடிக்கிறது என்று சொன்னாரே, அது ஒருவழி ஒளிதானே என்பார்கள். அங்கே பூமியே கடிகாரத்தைச் சுமந்துகொண்டு சுற்றுப்பாதையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது. உங்கள் பஸ்தான், தூரம் அதிகம்.

இதை இயற்கை நம்மிடம் மறைக்கும் ரகசியம் என்று காணொளிகளில் பெரிதாக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரைபடத்தில் பூஜ்ய தீர்க்கரேகை கிரீன்விச்சில்தான் இருக்க வேண்டுமா என்று கேட்பதைப் போன்றது இது. சமமாகப் பிரிப்பதில் சமன்பாடுகள் எளிமையாகின்றன, நானும் அதையே வைத்துக்கொள்வேன். இதற்கு மாற்றுக் கருத்து இல்லாமல் இல்லை. காரண-காரியத் தொடர்பை மட்டும் வைத்தே சமப் பிரிப்பு ஒன்றுதான் பொருந்தும் என்று தத்துவவாதி டேவிட் மாலமென்ட் 1977-இல் வாதிட்டார், அந்தச் சண்டை தனி.

லேசர் கிடைத்தால் அரிச்சல்முனையில் கண்ணாடி ஒன்றை வைத்து, ஒரே கடிகாரத்தோடு பாம்பனில் உட்காருங்கள். காற்று ஒளியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், 200 மைக்ரோ விநாடிக்கு ஏறக்குறைய 55 நானோ விநாடி. வெப்பநிலையும் அழுத்தமும் குறித்துவைத்து அதைக் கழியுங்கள். ஆனால் 1983-லிருந்து ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிர்ணயித்து, மீட்டரையே அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது இரண்டு கோபுரத்துக்கும் இடையே உள்ள தூரம். நில அளவைக்காரர்கள் பிரிசத்தை நட்டு டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் பார்ப்பதும் போய்த் திரும்பும் இந்த ஒளியைத்தான்.